மூலையில் கொஞ்சம் மஞ்சள்

அடுக்களைத் தரையில் பட்டர் பேப்பரை விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க ஓரங்களில் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் என் மடியிலேயே இருந்தது. நானாகக் கண்டுபிடிக்கும்வரை அஞ்சலை பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கண்டக்டரே, பஸ் பொறப்படுமா பொறப்படாதா?" என்றாள்.

கல்யாணமான புதிதில் கேலிக்காகக் கூப்பிட ஆரம்பித்த பெயர் அது. நான் ஓய்வு பெற்று பையையும் விசிலையும் ஒப்படைத்துவிட்டு வந்த பிறகும், என் மனைவிக்கு நான் கண்டக்டர்தான்.

சென்ற வாரம் இந்தப் பகுதியில், திண்டிவனம் ரூட்டில் என் பஸ்ஸில் ஏறிய ஆடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு பஜாரில் ஒருவர், "அடுத்தது மாடுங்களா சார்?" என்று கேட்டார். இல்லை. அடுத்தது சோப்பு.

தை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அது. எங்கள் அடுக்களை ஜன்னலில் செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையின் முதுகுப்பக்கம் தெரியும். கோட்டையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நாங்கள் பாத்திரம் கழுவும்போது பார்க்கிறோம். அன்றைக்கு வெயில் மெதுவாக இருந்தது. பாறைகள் சாப்பிட்டுப் படுத்தவர்கள் மாதிரி அசையாமல் கிடந்தன. எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

என் முன்னால் இரண்டு மரப்பெட்டிகள். மூடியில்லாத, நீளமான, செங்கல் சூளை அச்சைப் போலக் குறுகலான பெட்டிகள். அஞ்சலை சோப்பு ஊற்றும் அச்சுகள் அவை. ஞாயிற்றுக்கிழமை சிங்கவரத்திலிருந்து, அஞ்சலைக்குத் தங்கை மாதிரியான மல்லிகா வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. எடுத்துக்கொண்டு போ என்று சொன்னவள் அஞ்சலையேதான்.

பெட்டிகள் வாசலைத் தாண்டிவிட்டால் அவளிடம் மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்ச உற்சாகமும் கூடவே போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால்தான், வாழ்நாளில் ஒரு சோப்பும் காய்ச்சாத நான், "கடைசியா ஒரு தபா ஊத்திப் பாத்துட்டுக் குடுத்துடலாம். நீ சொல்லு, நான் செய்யறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, கத்தரிக்கோலோடு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

டீசல் சோப்பு

அஞ்சலை சோப்பு காய்ச்ச ஆரம்பித்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மகளிர் குழுவில் யாரோ வந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். தெருப் பெண்கள் பாதிப்பேர் போனார்கள். போண்டா சாப்பிட்டார்கள், வந்தார்கள், மறந்தார்கள். அஞ்சலை மட்டும் மறக்கவில்லை. அவள் அண்ணன் சிங்கவரத்தில் மல்லாட்டை போடுகிறவர். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். ஒவ்வொரு அறுப்புக்கும் தங்கைக்கு ஒரு மூட்டை வந்துவிடும். அதைச் செக்கில் கொடுத்து ஆட்டினால் நாங்கள் இரண்டு பேர் எவ்வளவுதான் தாளிப்போம்? மிஞ்சிய எண்ணெயோடு தேங்காயெண்ணெயைக் கலந்து சோப்பாக்கினாள்.

முதலில் ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஊற்றினாள். அது சரிப்படவில்லை. சோப்பு உள்ளுக்குள் சூடு பிடித்து மெதுவாக ஆற வேண்டுமாம். அதற்கு மரம்தான் வேண்டுமாம்.

மரத்துக்கு நான் எங்கே போவேன்? அந்தச் சமயத்தில் ஒரு பழைய பஸ்ஸைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்து பஸ்ஸுக்குத் தகரத்துக்கு அடியில் தரை மரப்பலகை. காயலாங்கடைக்காரரிடம் இரண்டு பலகை கேட்டு வாங்கி, பாடி கட்டும் ஆசாரியிடம் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் ஒரு பஸ் ஓட்டலாம்" என்றார். இரண்டு பெட்டி செய்து கொடுத்தார்.

பெட்டி வந்த சந்தோஷத்தில் அஞ்சலை தாள் எதுவும் போடாமல் அப்படியே ஊற்றிவிட்டாள். சோப்பு மரத்தைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுத்தியலால் தட்டி, கத்தியால் நெம்பி, துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது. முகர்ந்து பார்த்தால் டீசல் வாசனை. எத்தனை வருஷத்து டீசலைக் குடித்த பலகையோ, எல்லாவற்றையும் சோப்புக்குக் கொடுத்துவிட்டது.

வீணாக்கக் கூடாது என்று அந்தச் சோப்பில் நான்தான் குளித்தேன். குளித்துவிட்டு வந்தவனை அவள் ஒருமுறை சுற்றி வந்து மோந்து பார்த்தாள்.

"டூட்டி முடிச்சி வந்த மாதிரியே இருக்குது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் பெட்டிக்கு உள்ளே பேப்பர் போட ஆரம்பித்தாள். போகப் போக அதில் அவளுக்கு ஒரு பித்து வந்துவிட்டது. பேப்பரில் சுருக்கம் இருந்தால் சோப்பில் கோடு விழும். மூலையில் இடுக்கு இருந்தால் சோப்புக் கூழ் அதில் புகுந்து மரத்தைத் தொட்டுவிடும். காய்ச்சுவதற்கு ஆகும் நேரத்தைவிடப் பேப்பர் போடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வாள். மடித்து முடித்ததும் உள்ளே கையை விட்டு ஒரு தடவு தடவுவாள். தூளியில் துணி விரித்துவிட்டுத் தடவிப் பார்ப்பார்களே, அப்படி.

எனக்கு வேறு ஒரு கிறுக்கு. ஊற்றி மூடி வைத்த பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பலகையில் நின்றவர்களின் பாதங்கள் ஞாபகத்துக்கு வரும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் மலை சுற்றிவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் நின்றபடியே தூங்கிக்கொண்டு வருவார்கள். செருப்பில்லாத, புழுதி படிந்த பாதங்கள். டிக்கெட் கேட்டு எழுப்ப மனசு வராது. கம்பியைப் பிடித்த கை நழுவாமல், தலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். ஜன்னலில் பனி ஓடும். அப்போது பஸ்ஸே தூங்குகிற மாதிரியும், டிரைவரும் நானும் அதை எழுப்பிவிடாமல் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரியும் இருக்கும்.

இதைச் சொன்னால் அஞ்சலை சிரிப்பாள். "சோப்பு காயறதுக்கு உங்களுக்கு இன்னா கனவு" என்பாள்.

வலது கை

போன ஐப்பசியில் ஒரு காலை. வெளியே தூறல். தோசை திருப்பிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. குனிந்தாள். கரண்டியைத் தொட்டுக்கொண்டு கை இருந்தது, ஆனால் எடுக்கவில்லை. "இன்னாங்க, இத்த பாருங்க" என்று கூப்பிட்டாள். அந்த 'பாருங்க' பாதியில் குழறியது. தோசை கருகும் வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நன்றாகவே பார்த்தார்கள். பேச்சு வந்துவிட்டது. வாய் லேசாக ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, அவ்வளவுதான். கால் கொஞ்சம் தேய்த்து நடக்கிறாள். கை மட்டும் வரவில்லை. பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்து அனுப்பினார்கள். அதை அவள் பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்குப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரோ, கொஞ்சம் பிடி, இதோ வந்துவிடுகிறேன் என்று கொடுத்துவிட்டுப் போன பொருளை வைத்திருப்பவள் மாதிரி இருக்கும்.

சாப்பாடு, தலை வாரல், எல்லாவற்றுக்கும் இடது கையைப் பழக்கிக்கொண்டாள். ஒன்றே ஒன்றுக்குத்தான் அவள் மனசு ஒப்பவில்லை. இடது கையால் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டாள். தினசரி போடும் பெண்ணுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்றாலும், என்னைக் கூப்பிட்டு என் கையால்தான் கொடுக்கச் சொல்வாள். நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்தது அவளுடைய வலது கை. தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், குளிப்பாட்ட முதல் சோப்பு கொடுத்த கை.

மல்லிகா பார்க்க வந்தாள். சிங்கவரத்துக்காரி, அஞ்சலையின் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு. செஞ்சி பஜாரில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். அஞ்சலையை அக்கா அக்கா என்று சுற்றிச் சுற்றி வருவாள். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது அஞ்சலை அவளிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"மல்லிகா, அந்த சோப்புப் பொட்டி ரெண்டையும் நீ எட்த்துக்கோ. தை பொறக்கட்டும், ஒரு ஞாயித்துக்கெழம வா."

"இன்னாக்கா இது. கை சரியாயிடும்க்கா. அப்புறம் நீயே ஊத்துவ."

"காய்ச்சறது இருக்கட்டும். எடது கையால குடுக்கற சோப்ப யாருடி வாங்குவாங்க? வாங்கறவங்க வாங்கினாலும் எனக்குக் குடுக்க மனசு வர்ல. அது கண்ணு முன்னால இருக்க இருக்க எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்குது."

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் நாள்காட்டியைப் பார்த்தேன்.

ஒரகடத்தில் வேலை செய்யும் எங்கள் மகனிடம் போனில் சொன்னேன். "குடுத்துட்டா அம்மாவுக்கு டென்ஷன் இல்ல நைனா. வுட்டுடு" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அவன் இந்த வீட்டின் மத்தியானங்களில் உட்கார்ந்து பார்த்தவன் இல்லை.

பெட்டிக்குச் சட்டை

"அளவு எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"எதால எடுத்தீங்க?"

"கண்ணால."

"கண்டக்டரு கண்ணு, மூணு பேரு சீட்ல அஞ்சு பேர ஒக்கார வெக்கும். பொட்டிய பேப்பரு மேல வெச்சி வரைங்க."

பெட்டியைத் தாளின்மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். அடிப்பக்கம் ஒரு தடவை, பெட்டியை நான்கு பக்கமும் சாய்த்து ஒவ்வொரு சுவருக்கும் ஒரு தடவை. மேலே விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் மிச்சம் விடச் சொன்னாள். சோப்பு இறுகியதும் அதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

"இப்ப மூலைய வெட்டுங்க. முழுசா வெட்டிடாதீங்க. ஒரு வெட்டுதான். மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காரணும்."

வெட்டினேன். மடித்தேன். என் விரல்களுக்கு மடிப்பு என்றால் ஒரே மடிப்புதான் தெரியும். ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகும் கண்டக்டர் மடிப்பு. தாளும் அப்படியே நீளவாக்கில் மடிந்து நின்றது. அஞ்சலை தலையில் அடித்துக்கொள்ள இடது கையைத் தூக்கினாள்.

"பிரிங்க. நகத்தால கோடு இழுங்க. அப்புறம் மடிங்க."

நகத்தால் இழுத்தேன். தாள் மெல்லிய சத்தத்தோடு பணிந்தது. பட்டர் பேப்பருக்கு ஒரு சத்தம் உண்டு. காய்ந்த வேப்பிலையை ஓரமாக ஒதுக்கும்போது கேட்குமே, அது. வெளியே காற்று கொஞ்சம் எழுந்தது. ஜன்னல் திரை உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. முதல் மூலை உட்கார்ந்தது. இரண்டாவது மூலை உட்கார்ந்தது. மூன்றாவதில் ஒரு சுருக்கம். அதை நீவினால் முதல் மூலை எழுந்து நின்றது. என்னவோ தெரியவில்லை, எனக்கு அந்த வேலை பிடித்துப் போயிற்று. யாரும் இறங்க வேண்டியதில்லை, யாரும் ஏற வேண்டியதில்லை. ஒரு தாளை ஒரு பெட்டிக்குள் ஒழுங்காக உட்கார வைத்தால் போதும்.

நிமிர்ந்து பார்த்தபோது அஞ்சலை நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். மாத்திரை அப்படி. வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பவில்லை.

இரண்டாவது பெட்டிக்கும் நானே போட்டு முடித்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, மடிப்புக் கலையாத புது வேட்டி மாதிரி இருந்தன. என் கை தானாக அலமாரியில் மஞ்சள்தூள் டப்பாவுக்குப் போயிற்று. இத்தனை வருஷமும் இந்த வீட்டில் புதுத்துணி எது வந்தாலும் அஞ்சலை அதன் மூலையில் துளி மஞ்சள் தடவாமல் கட்ட விட்டதில்லை. ஒரு கிள்ளு மஞ்சளை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, இரண்டு பெட்டியிலும் உள்ளே நான்கு மூலையிலும் தொட்டு வைத்தேன். புதுசாக இருந்தது, வைத்தேன்.

வைத்த ஈரம் காய்ந்தும் போயிற்று.

துண்டுக்குள் சூடு

அஞ்சலை எழுந்ததும் பின்பக்கம் தோட்டத்தில் வேலை ஆரம்பித்தது. காஸ்டிக் சோடாவைக் கரைப்பது திறந்தவெளியில்தான். கையுறை மாட்டிக்கொண்டேன்.

"தண்ணியில சோடாவ போடுங்க. சோடாவுல தண்ணிய ஊத்திடாதீங்க. பொங்கி மூஞ்சில அடிக்கும். மூஞ்சிய அந்தாண்ட வெச்சிக்குங்க."

எவர்சில்வர் குண்டானில் தண்ணீர் தானாகச் சூடேறி ஆவி விட்டது. அது ஆறும்வரை இரண்டு பேரும் முருங்கை மர நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தோம். மலைமேல் ஒரு பருந்து வட்டம் போட்டது. அதன் நிழல் பாறைகள் மேல் ஏறி இறங்கிப் போவதை அஞ்சலைதான் காட்டினாள்.

எண்ணெயில் அதை ஊற்றி, சோப்புக்கென்றே வைத்திருந்த மத்தால் கடைந்தேன். மல்லாட்டை எண்ணெய் வாசனையில் பசி எடுத்தது. முதலில் எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. பிறகு மங்கியது. பிறகு மோராகி, மோர்க்குழம்பாகி, கேழ்வரகுக் கூழ் பதத்துக்கு வந்தது. மத்தைத் தூக்கினால் சொட்டிய கோடு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"அதான். அதான் பதம். ஊத்துங்க" என்றாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் குரலில் அந்த அவசரத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஊற்றினேன். பெட்டிகளைப் பழைய துண்டால் சுற்றி அடுக்களை மூலையில் வைத்தேன். பொழுது சாயும்போது துண்டின்மேல் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரக் குழந்தையின் முதுகு மாதிரி கதகதவென்று இருந்தது. வெளியே ஒரு தீயும் இல்லை. உள்ளே தானாகவே சூடு பிடித்துத் தன்னைத் தானே சோப்பாக்கிக்கொண்டிருந்தது.

நாற்காலியைப் பெட்டிக்கு அருகே இழுத்துப் போட்டு அஞ்சலையை உட்கார வைத்தேன். அவள் வலது கையை எடுத்துத் துண்டின்மேல் வைத்தேன்.

"சூடு தெரியுதா?"

குனிந்து கையையே பார்த்தாள்.

"தெர்ல."

நான் கையை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும்" என்றாள்.

விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலில் மலை நீலமாகி, கறுப்பாகி, பிறகு வானத்தோடு சேர்ந்துவிட்டது. கடைசி சிங்கவரம் பஸ் ஹாரன் அடித்துத் திரும்பும் சத்தம் கேட்டது. எனக்கு அந்தக் கை, பஸ் கம்பியைப் பிடித்தபடி தூங்கிப்போன ஒரு பயணியின் கை மாதிரி பட்டது. தூங்குகிறது, ஆனால் விடவில்லை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கனவு என்பாள்.

நான்கு மூலை

சனிக்கிழமை காலை துண்டைப் பிரித்தேன். மிச்சம் விட்டிருந்த தாளின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். மரத்தில் ஒட்டவே இல்லை. பாளம் முழுசாக மேலே வந்தது. பலகையில் கவிழ்த்து, தாளை உரித்தேன். தந்த நிறத்தில், வழவழவென்று, ஒரு கோடு இல்லாமல் இருந்தது. எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

அப்போதுதான் பார்த்தேன். கவிழ்த்ததால் மேலே வந்திருந்த அடிப்பக்கத்தின் நான்கு மூலையிலும் செக்கச்செவேலென்று கறை. இரண்டாவதைக் கவிழ்த்தேன். அதிலும் அப்படியே.

ஆணி துருவோ? என் விரல் எங்காவது வெட்டுப்பட்டிருந்ததா? விரல்களைப் புரட்டிப் பார்த்தேன். கடைசியாக ஒரு தடவை என்று ஆரம்பித்தது இப்படியா முடிய வேண்டும்? ரத்தம் மாதிரி இருக்கிறதே, அபசகுனம் என்று அஞ்சலை நினைத்துவிட்டால்? நாளைக்கு மல்லிகா வருவதற்கு முன்பே அவளே பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். ஒரு துண்டை எடுத்து மூடப் பார்த்தேன்.

"இன்னாத்த மறைக்கிறீங்க?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கிட்டே வந்தாள். குனிந்து பார்த்தாள். இடது கை விரலால் ஒரு கறையைத் தொட்டு, முகர்ந்து பார்த்தாள்.

"மஞ்ச வெச்சீங்களா?"

"எங்க?"

"கண்டக்டரே. பொட்டியில மஞ்ச வெச்சீங்களா?"

"புதுப் பேப்பராச்சேன்னு..." என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். உதடு கோணியது. மறுபடியும் அந்த வியாதிதான் வந்துவிட்டதோ என்று ஒரு கணம் எனக்கு உயிர் போய்விட்டது. இல்லை, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுக்க, தோள் குலுங்க, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வாய் கோணும் என்று இத்தனை நாளும் சிரிக்காமலே இருந்தவள், அன்றைக்கு மூடிக்கொள்ளவும் மறந்துவிட்டாள்.

"ஆலத்துக்கு மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவப்பாவுதே, அத்த பாத்ததில்லியா? சோடா பட்டா மட்டும் சும்மா இருக்குமா? சோப்புக்கே ஆலம் சுத்திட்டீங்க."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, கத்தியை எடுத்துவருகிறேன் என்று உள்ளே போனேன். கத்தி மேஜைமேலேயே இருந்தது. அதையும் அவள் பார்த்திருப்பாள்.

நான் வெட்டினேன். கோணலாக வெட்டினேன். அவள் திட்டினாள். ஓரத்துத் துண்டுகள் மட்டும் சிவப்பு மூலையோடு வந்தன. அவற்றைத் தனியாக எடுத்து ஒரு தட்டில் வைக்கச் சொன்னாள். பெட்டிகளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாயங்காலம் பெட்டிகளைத் துடைத்து, கொண்டுபோக வசதியாக வாசல் பக்கம் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் காய்கறி வாங்கப் பஜாருக்குப் போனேன். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரிடமும் நின்று பேசினேன். பெட்டிகள் போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பி வந்தபோது மல்லிகாவின் ஸ்கூட்டி வாசலில் நின்றது. வாசல் பக்கம் பெட்டிகள் இல்லை. ஸ்கூட்டியில் கட்டியாயிற்று என்று நினைத்தேன். ஸ்கூட்டியில் ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

உள்ளே போனேன். அடுக்களையில் மல்லிகா தரையில் உட்கார்ந்திருந்தாள். அஞ்சலை நாற்காலியை விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்கு நடுவில் பட்டர் பேப்பர். அது சுருண்டுகொள்ளாமல் இருக்க அதன்மேல் டம்ளர்கள் இல்லை. அஞ்சலையின் வலது கை இருந்தது. தூக்கிக் கொண்டுவந்து வைத்த இடத்தில், தாளை அழுத்திக்கொண்டு, கனமாக இருந்தது. இடது கை நகத்தால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பெட்டிக்கு ஏற்கனவே தாள் போட்டாகியிருந்தது. மடிப்புகள் கொஞ்சம் கோணல். உள்ளே நான்கு மூலையிலும் மஞ்சள்.

"வாங்க மாமா" என்றாள் மல்லிகா. "அக்கா இன்னா சொல்லுது பாருங்க. பொட்டி குடுக்க முடியாதாம். புதுப் பேப்பரு போட்டு மஞ்ச வெச்சாச்சாம்."

"மஞ்ச வெச்சத எப்டிடி குடுக்கறது?" என்றாள் அஞ்சலை, தலை நிமிராமல். "ஒனக்கு வேற செஞ்சி குடுக்கச் சொல்றேன். ஆசாரி இங்கதான இருக்கறாரு. பஸ்ஸுக்குத்தான் பஞ்சமா?"

பிறகு தட்டைக் கிட்டே நகர்த்தச் சொன்னாள். சிவப்பு மூலை வைத்த துண்டுகளில் ஒன்றை இடது கையால் எடுத்தாள். அப்படியே நீட்டுவாள் என்று நினைத்தேன். நீட்டவில்லை. சோப்பை மடியில் வைத்துவிட்டு, இடது கையால் வலது கையைத் தூக்கித் திருப்பி, உள்ளங்கை மேலே இருக்கும்படி முழங்காலில் வைத்தாள். அதில் சோப்பை வைத்தாள். மூடாத அந்த விரல்களின் மேல் சோப்பு கொஞ்சம் ஆடி நின்றது. அதன் அடியில் இடது கையைக் கொடுத்து, இரண்டு கையையும் சேர்த்து, மெதுவாக மல்லிகாவின் பக்கம் நீட்டினாள்.

சோப்பு நடுங்கியது. விழுந்துவிடும் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தாள். நின்றுவிட்டேன்.

மல்லிகா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"மாசி முடியற வரைக்கும் காயட்டும். அப்புறம் தேச்சிக் குளி. இப்ப போட்டா எரியும்" என்றாள் அஞ்சலை. பிறகு நான் இன்னும் பையோடு நிற்பதைப் பார்த்தாள்.

"இன்னா கண்டக்டரே, ஸ்டாப்பிங்கா? எண்ணெ தீந்துபோச்சி. நாளைக்குச் செக்குக்குப் போவணும்."

"காலையிலயே போறேன்" என்றேன்.